ஒரே பெயர், துறைமுகத்துக்கு ஒரு ருசி: லாகோசில் குடித்த கின்னஸ் எது, லண்டனிலிருந்து வந்தது எது?

எழுதியவர்: ராயபுரம் ஃபிட்டர்

எல்லோருக்கும் வணக்கம். கப்பலில் இன்ஜின் ரூம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது ராயபுரத்தில், கல்மண்டபம் பக்கம் வீட்டோடு இருக்கிறேன். கேள்வி பீரைப் பற்றியது. வீட்டில் கேட்டால் "இந்த வயசுல உங்களுக்கு இதுதான் கவலையா?" என்கிறார்கள். அதனால் இங்கே கேட்கிறேன்.

80களின் நடுவில் கப்பலேறியவன் நான். அப்போது மேற்கு ஆப்பிரிக்கா பக்கம் பொதுச் சரக்கு ஏற்றிக்கொண்டு போகும் பழைய கப்பல்களில்தான் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கிடைக்கும். நைஜீரியாவின் லாகோசில் அபாபா துறைமுகம். பெர்த் கிடைக்காமல் வெளியே நங்கூரத்தில் நாள்கணக்கில் கிடப்போம். உள்ளே போய்க் கட்டிய அன்று இரவு எல்லோரும் கேட்டுக்கு வெளியே ஓடுவோம். அங்கே தகரக் கூரை போட்ட ஒரு சின்ன பார். சூயா என்று ஒன்று சுட்டுத் தருவார்கள். மாட்டிறைச்சியில் நிலக்கடலைப் பொடியும் மிளகாயும் தடவி, குச்சியில் குத்தி, நெருப்பில் வாட்டியது. அதோடு கறுப்பாக ஒரு பாட்டில் வந்தது. கின்னஸ், ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டௌட், 7.5 சதவீதம். லாகோஸ்காரர்கள் சிலர் அதைக் கூலிங் இல்லாமலே குடித்தார்கள். நானும் அப்படியே குடித்துப் பழகினேன்.

அந்தக் கசப்பை எப்படிச் சொல்வது? கருக வறுத்த காபிக்கொட்டையின் கசப்பு. அதற்குப் பின்னால் கொஞ்சம் இனிப்பு, அப்புறம் நாக்கின் ஓரத்தில் லேசாகப் புளிப்பு. சூயாவின் காரத்தை அது அடக்கியது. அன்றிலிருந்து எனக்குப் பீர் என்றால் அதுதான். வெளிர் நிற லாகர் பீரெல்லாம் தண்ணீர்த் தாகத்துக்குத்தான் என்று ஆகிவிட்டது.

அப்புறம் கானாவின் தேமா, கேமரூனின் டுவாலா, சிங்கப்பூர் என்று போன இடமெல்லாம் அதே லேபிளைத் தேடினேன். எல்லா இடத்திலும் கிடைத்தது, எல்லா இடத்திலும் வேறாக இருந்தது. டுவாலாவில் இனிப்பு கொஞ்சம் தூக்கல். சிங்கப்பூரில் கசப்பு இருந்தது, கனம் குறைவு. எங்கள் சீஃப் இன்ஜினியரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "ஃபுஜைராவில் ஏற்றும் எண்ணெயும் சிங்கப்பூரில் ஏற்றும் எண்ணெயும் பேப்பரில் ஒரே கிரேடு. எண்ணெயைச் சுத்தம் செய்யும் ப்யூரிஃபையருக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும். உன் நாக்கும் ப்யூரிஃபையர்தான்" என்றார். 

90களில் மறுபடி லாகோஸ் போனபோது அந்தப் பாட்டிலே மாறியிருந்தது. கெட்டுப்போய்விட்டது என்று சொல்லவில்லை. கசப்பு அப்படியே இருந்தது, ஆனால் அடியில் வேறு ஏதோ ஒரு தானியத்தின் சுவை. பக்கத்தில் இருந்த சமையல்காரர் "பழசும் இதுவும் ஒண்ணுதாம்பா" என்று அடித்துச் சொன்னார். எனக்கு ஒப்பவில்லை.

லிவர்பூலில் ஒரு முறை பப்பில் கேட்டேன். மேலே வெள்ளையாக நுரை நிற்க, ஒரு பெரிய கிளாஸ் தந்தார்கள். வழுவழுப்பாக இருந்தது, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கசப்பு எங்கே, சூடு எங்கே? பக்கத்து ஸ்டூலில் இருந்த பெரியவரிடம் லாகோஸ் பாட்டிலைப் பற்றிச் சொன்னேன். "அது கின்னஸே இல்லை" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

போன மாதம் மாப்பிள்ளை லண்டனிலிருந்து வந்தபோது நாலு கேன் கொண்டுவந்தார். ஆட்டினால் உள்ளே ஏதோ உருண்டை கடகடவென்கிறது. நெத்திலி வறுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதே லிவர்பூல் சமாச்சாரம்தான். 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. மாப்பிள்ளையோ "மாமா, இதுதான் ஒரிஜினல், நீங்க குடிச்சது எல்லாம் ஆப்பிரிக்கா டூப்ளிகேட்" என்கிறார்.

என் கேள்வி இதுதான். ஒரே கம்பெனி, ஒரே லேபிள். ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது? 90களில் லாகோசில் என்ன நடந்தது? எது அசல்? நாக்கு கிழடு தட்டிவிட்டது என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். எங்கள் வீட்டுக் குழம்பில் உப்பு ஒரு கல் கூடினாலும் இன்றைக்கும் சொல்வேன்.

---

பதில்: பேசின்பிரிட்ஜ் பையன்

ஐயா, மது நாட்டுக்கு வீட்டுக்கு உயிருக்குக் கேடு. சொல்லிட்டேன், கடமை முடிந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அளவுக்கு நான் உலகம் சுற்றவில்லை. ஆனால் இந்த வித்தியாசத்தைப் பார்க்க ஆப்பிரிக்கா போக வேண்டாம், பாண்டிச்சேரி போனால் போதும். அங்கே குடித்த அதே பிராண்டை இங்கே வந்து கடையில் வாங்கினால் இன்னொரு சரக்கு மாதிரி இருக்கிறது. பெயரைச் சொல்லவில்லை, வம்பு எதற்கு. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் "தமிழ்நாட்டில் மட்டும் விற்பனைக்கு" என்று எழுதியிருக்கும். எங்கள் செட்டில் ஒருத்தன் செம்பரம்பாக்கம் தண்ணீர்தான் காரணம் என்று சத்தியம் செய்கிறான். இன்னொருத்தன் கிளிசரின் கலக்கிறார்கள் என்கிறான். பாட்டிலை டம்ளர் தண்ணீரில் தலைகீழாக வைத்தால் அந்தக் கிளிசரின் இறங்குவது கண்ணுக்கே தெரியும் என்று செய்தும் காட்டினான். உண்மையாகவே ஏதோ நூல் நூலாக இறங்கியது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பதில்: மால்ட்டும் மணமும்

பீர் ஆலையில் தரக்கட்டுப்பாட்டு லேபில் பல வருடம் வேலை பார்த்தவன், எண்ணூர்க்காரன். ஃபிட்டர் அண்ணனின் கேள்வி எனக்குப் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் மாப்பிள்ளைக்குப் பதில். ஃபாரின் எக்ஸ்ட்ரா டூப்ளிகேட் இல்லை. அதன் வம்சம் 1801க்குப் போகிறது. அந்த வருடம் அயர்லாந்தின் டப்ளினில் கின்னஸ் ஆலை, மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்ப போர்ட்டர் என்ற கறுப்பு பீர் ஒன்றைக் காய்ச்சியது. வெயிலில் வாரக்கணக்காகக் கப்பலில் கிடந்தாலும் கெடக்கூடாது என்று கசப்பு தரும் ஹாப்ஸ் பூவையும் ஆல்கஹாலையும் கூட்டினார்கள். ஹாப்ஸ் கசப்புக்கு மட்டும் இல்லை, கிருமி வளராமலும் தடுக்கும். ஃபாரின் எக்ஸ்ட்ரா அந்த வழியில் வந்தது. உங்கள் மாப்பிள்ளை கொண்டுவந்தது டிராஃப்ட். நைட்ரஜன் போட்டு ஊற்றும் அந்த முறை 1959இல்தான் வந்தது. கேனுக்குள் வைக்கும் அந்தச் சாதனம் 80களின் கடைசியில் வந்தது, உருளும் உருண்டையாக 90களில்தான் மாறியது. அதற்குள் அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கும். திறந்தவுடன் பீய்ச்சியடித்து, பப்பில் ஊற்றிய மாதிரி நுரை கட்டும். வயதில் எது மூத்தது என்று மாப்பிள்ளையைக் கேளுங்கள்.

வழுவழுப்புக்கும் இந்த நைட்ரஜன்தான் காரணம். சாதாரண பீரில் கரியமில வாயு கரைந்திருக்கிறது. அது நாக்கில் சுருக்கென்று குத்தும், லேசான புளிப்பும் தரும். நைட்ரஜன் அவ்வளவாகக் கரையாது, குமிழியும் பொடிப்பொடியாக வரும். ஆகவே அண்ணன் லிவர்பூலில் தேடிய புளிப்பும் குத்தலும் அங்கே இருக்க வாய்ப்பில்லை. ஆல்கஹால் கிட்டத்தட்டப் பாதி என்றால் தொண்டையில் சூடும் இருக்காது.

அடுத்து, ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது? பெரிய பிராண்டுகள் பீரைக் கப்பலில் அனுப்புவதைவிட அந்தந்த நாட்டில் காய்ச்சுவதையே விரும்பும். பீரில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். தண்ணீரை ஏற்றிக் காசு கொடுப்பானேன்? வரியும் மிச்சம். கின்னஸ் லாகோசில் இகேஜாவில் 1962இல் ஆலை போட்டது. அப்புறம் மலேசியா 1965, கேமரூன் 1970, கானா 1971. டப்ளினிலிருந்து அங்கெல்லாம் போவது கெட்டியான ஒரு எசன்ஸ். வறுத்த பார்லியின் நிறமும் கசப்பும் அதில் இருக்கும். உள்ளூர் ஆலை தன் ஊரில் கிடைக்கும் தானியத்தை வைத்து வெளிர் நிறத்தில் ஒரு பீர் காய்ச்சி, அதில் இந்த எசன்ஸைச் சேர்க்கும். ஆகவே டுவாலாவிலும் சிங்கப்பூரிலும் நீங்கள் குடித்ததில் மேலே மிதக்கும் கசப்பு டப்ளின், அடியில் இருக்கும் உடம்பு அந்தந்த ஊர்.

இப்போது 90களின் லாகோஸ். உங்கள் நாக்கைச் சந்தேகப்பட வேண்டாம், கப்பல் சமையல்காரரைச் சந்தேகப்படுங்கள். நைஜீரிய அரசு 1988இல் பார்லி இறக்குமதிக்குத் தடை போட்டது. அந்நியச் செலாவணி கையில் இல்லை, உள்நாட்டு விவசாயியையும் தூக்கிவிட வேண்டும் என்று நினைத்தார்கள். பார்லி அங்கே சரியாக விளையாது. ஆலைகளெல்லாம் சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் மாறின. சோளம் என்றால் நம் ஊரில் தோசை வார்க்கும் அதே சோளம்.

இது சாதாரண மாற்றம் இல்லை. முளைகட்டிய பார்லியில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி தேவையான அளவு இருக்கும். சோளத்தில் அதில் முக்கியமான ஒன்று மிகக் குறைவு, வெளியிலிருந்து நொதி சேர்க்க வேண்டும். சோள மாவு இளகுவதற்கு அதிகச் சூடும் வேண்டும். பார்லிக்கு உமி உண்டு. கரைசலை வடிகட்டும்போது அந்த உமிதான் அடியில் படுக்கை போட்டுச் சல்லடையாக நிற்கும். சோளத்துக்கு அந்த உமி இல்லை, வடிகட்ட வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். இத்தனையும் தாண்டி வரும் பீரில் கசப்பு அதே எசன்ஸிலிருந்து வந்தாலும் அடிச்சுவை வேறாகத்தான் இருக்கும். "வேறு ஏதோ தானியத்தின் சுவை" என்று எழுதியிருக்கிறீர்களே, லேப் வைத்திருந்த எங்களுக்கே அதைப் பிரித்துச் சொல்லப் பயிற்சி வேண்டும்.

பேசின்பிரிட்ஜ் தம்பிக்கு: தண்ணீர் இல்லை. எந்தப் பெரிய ஆலையும் வரும் தண்ணீரை அப்படியே போடாது. உப்பையெல்லாம் எடுத்துவிட்டு வேண்டியதைத் திரும்பச் சேர்க்கும். திருவள்ளூர் மாவட்டத்தில் குத்தம்பாக்கத்திலும் அரண்வாயலிலும் இருக்கும் ஆலைகளுக்கும் வேறு மாநில ஆலைகளுக்கும் தண்ணீரில் பெரிய வித்தியாசத்தை விட்டுவைக்க மாட்டார்கள். இந்தியாவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி ஆயத்தீர்வை, தனி லேபிள் அனுமதி. ஒரு மாநிலச் சரக்கை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோனால் வரி ஏறும். ஆகவே அந்தந்த மாநிலத்திலேயே காய்ச்சுவது லாபம். பார்லியோடு அரிசி எவ்வளவு, மக்காச்சோளம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்பது ஆலைக்கு ஆலை மாறலாம்.

கிளிசரின் கதை கட்டுக்கதை. ஸ்ட்ராங் பீரில் மீந்து நிற்கும் சர்க்கரையால் அது தண்ணீரைவிடக் கனம். தலைகீழாக வைத்தால் பீர் இறங்கும், தண்ணீர் ஏறும். நூல் நூலாக நீங்கள் பார்த்தது பீர்தான். அப்படி இறக்கிவிட்டுக் குடிப்பவர் தண்ணீர் கலந்த பீரைக் குடிக்கிறார்.

ஆனால் நம் ஊர்க் கடையில் வாங்கும் பீர் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் ஆலை காரணம் இல்லை. வெயில்தான் காரணம். மே மாதத்தில் லாரியில் தார்பாய்க்கு அடியில் கிடந்த பீர், அப்புறம் கூரைச்சூட்டுக் குடோனில் கிடந்த பீர் எப்படி இருக்கும்? பாட்டிலுக்குள் மிச்சம் இருக்கும் துளி ஆக்சிஜன் போதும். சூட்டில் அது வேலை செய்து, நனைந்த அட்டைப்பெட்டி வாடையைக் கொண்டுவரும். பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் வெயில் பட்டால் வேறொரு கோளாறு. ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளி பட்டு உடைந்து, கந்தகம் சேர்ந்த ஒரு நாற்றம் உண்டாகும். அது நிமிடக்கணக்கில் நடக்கும். பழுப்பு பாட்டில் அதைத் தடுக்கும். ஸ்டௌட் இந்த விஷயத்தில் கெட்டிக்காரன். வறுத்த தானியத்தின் வாசம் பல குற்றங்களை மூடிவிடும்.

---

பதில்: ராயபுரம் ஃபிட்டர்

எண்ணூர்க்காரரே, கும்பிடுகிறேன். 1988! நான் சொன்னேனே! அந்தச் சமையல்காரர் இப்போது திருவொற்றியூரில்தான் இருக்கிறார். இன்றைக்கே போன் போட்டு, சோளம் என்றேன். "எனக்கு அப்பவே சந்தேகம்தான்" என்கிறார். இவரை என்ன செய்வது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் காசிமேட்டில் கூரல், கத்தாழை மீன்களின் வயிற்றிலிருந்து நெட்டி எடுத்து உலர்த்தி விற்பார்கள். காற்றுப்பைதான் அது. மீனைவிட அதற்குத்தான் விலை. என் சித்தப்பா அந்த வியாபாரத்தில் இருந்தார். "இது சீமைக்குப் போவுது, பீரு தெளிய வெக்க" என்பார். சீனாக்காரர்கள் சூப்புக்கு வாங்குகிறார்கள் என்பது தெரியும், பீர்க் கதையை நாங்கள் யாரும் நம்பியதில்லை. உண்மையா? உண்மையென்றால் நான் லிவர்பூலில் குடித்ததில் நெட்டி இருந்திருக்குமா?

---

பதில்: மால்ட்டும் மணமும்

உங்கள் சித்தப்பா சரியாகத்தான் சொன்னார். உலர்ந்த நெட்டியை அமிலத்தில் ஊற வைத்தால் கூழாகும். அதை பீரில் விட்டால் கலங்கலாக மிதக்கும் ஈஸ்டை ஒட்டிக்கொண்டு அடியில் போய் உட்காரும். பிரிட்டனில் ரொம்ப காலமாக நடந்துவந்த வழக்கம், நம் பக்கத்து நெட்டியும் அங்கே போயிருக்கிறது. கின்னஸும் அதைத்தான் பயன்படுத்தியது. 2015இல்தான் விட்டுவிடப்போவதாக அறிவித்து, வேறு வடிகட்டும் முறைக்கு மாறியது. சைவக்காரர்களின் நெருக்கடி. நெட்டி அடியில் தங்கிவிடும், கிளாசுக்கு வருவது துளியூண்டு. அதனால் ருசி மாறியது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் எது நெட்டி போட்டது, எது போடாதது என்று காசிமேட்டுக்காரர் ஒருவர் குடித்துப் பார்த்துச் சொன்னால், முதல் ஆளாக நான் வந்து பார்ப்பேன்.

---

பதில்: வெள்ளவத்தை வாசி

அண்ணை, கொழும்பிலிருந்து எழுதுறன். உங்களுக்குக் கறுப்பும் கசப்பும் சூடும்தான் வேணுமெண்டால் எங்கட லயன் ஸ்டௌட் குடிச்சுப் பார்க்கேல்லையோ? 8.8 வீதம். லாகோஸ் போத்தலை விடவும் கூட.

இதுக்கும் ஒரு கதை இருக்கு. நுவரெலியாவில 1881இல துவங்கின பழைய ஆலையிலதான் லயன் வந்தது. குளிர், மலைத்தண்ணீர், தோட்டத்துரைமாரின்ர காலம். பிறகு 90களின்ர கடைசியில கொழும்புக்குக் கிட்ட பியகமவில புது ஆலை கட்டி எல்லாத்தையும் கீழ இறக்கிப்போட்டினம். அப்பா இருக்கும்வரைக்கும் "மலைப் பியர் போச்சு" எண்டு புலம்பிக்கொண்டே இருந்தவர். நான் குடிக்கப் பழகினது பியகமப் பியரில, எனக்கு அதுதான் ருசி. அப்பாவுக்குச் சரியெண்டு பட்டது எனக்குத் தெரியவே வராது, என்ன செய்யிறது. 

லயன் எண்ட பெயரில இந்தியாவிலயும் பியர் இருக்கு, சோலன் பக்கத்து மோகன் மீக்கின்காரர் செய்யிறது. அது வேற கம்பனி, வேற பியர். சிங்கத்தைப் பார்த்து ஏமாந்து வாங்கிப்போட்டு எங்களை ஏசாதேங்கோ.

---

பதில்: ஈஸ்ட்ஹாம் தமிழன்

ஃபிட்டர் சார், நான் தண்டையார்பேட்டைக்காரன், இருபது வருடத்துக்கு மேல் லண்டனில். மாப்பிள்ளைக்காகக் கொஞ்சம் பேச வந்தேன். அவர் பாவம், இங்கே இருக்கிறவர்களுக்கு டிராஃப்ட்தான் கின்னஸ். லண்டனிலேயே பார்க் ராயல் என்ற இடத்தில் 1936இலிருந்து கின்னஸ் ஆலை இருந்தது. 2005இல் மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு இங்கே விற்கும் டிராஃப்டெல்லாம் டப்ளினிலிருந்து வருவது. பார்க் ராயல் பீர்தான் நல்ல பீர் என்று சொல்லும் கிழவர்கள் இன்னும் உண்டு. டப்ளின் பீர்தான் நல்ல பீர் என்று அதைவிட அதிகம் பேர் சொல்வார்கள். இரண்டு கட்சியும் பப்பில் சண்டை போட நேரில் கேட்டிருக்கிறேன்.

எனக்குக் கோபம் வருவது வேறு விஷயத்தில். ருசி மாறுவது மட்டும் என்றால் பரவாயில்லை. இங்கே பீரின் பலமே சத்தமில்லாமல் குறைந்துகொண்டு வருகிறது. நான் வந்த புதிதில் ஸ்டெல்லா 5.2 சதவீதம். அப்புறம் 5, 2012இல் 4.8, இப்போது 4.6. ஃபாஸ்டர்ஸ் 4 ஆக இருந்தது, 2023இல் 3.7. கார்ல்ஸ்பெர்க் அதே வருடம் 3.8இலிருந்து 3.4. அந்த ஆண்டு ஆகஸ்டில் தீர்வை முறையை மாற்றினார்கள். 3.5க்குக் கீழே இருந்தால் வரி நன்றாகக் குறையும். கார்ல்ஸ்பெர்க் சரியாக 3.4இல் போய் நின்றது ஏன் என்று இப்போது புரிகிறதா? கேன் அதே கேன், படம் அதே படம். 

பெயரைப் பார்த்து நாட்டை நம்பவும் முடியாது. ஃபாஸ்டர்ஸ் ஆஸ்திரேலியா என்பார்கள், காய்ச்சுவது மான்செஸ்டர். மத்ரீ என்று ஒன்று, ஸ்பெயின்காரன் தொப்பி போட்டு நிற்பான், வருவது யார்க்ஷயரின் டாட்காஸ்டரிலிருந்து. இந்திய ஓட்டல்களில் தோசைக்குப் பக்கத்தில் வைக்கும் கோப்ரா 1990இல் பெங்களூரில் காய்ச்சி இங்கே வந்தது. சில வருடத்தில் இங்கேயே காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள், இப்போது பர்ட்டனில். அமெரிக்காவில் பெக்ஸை ஜெர்மன் பீர் என்று நம்பி வாங்கியவர்கள், அது செயின்ட் லூயிஸில் காய்ச்சியது என்று தெரிந்து வழக்குப் போட்டார்கள். 2015இல் கம்பெனி சமரசத்துக்கு வந்து பணம் கொடுத்தது. நம் ஊரில் பாட்டிலில் ஆலை முகவரி அச்சடித்திருக்கும், அந்த வகையில் நாம் தேவலை.

இப்போது நல்ல செய்தி. தென்கிழக்கு லண்டனில் பெக்கம் என்று ஒரு இடம். நைஜீரியக்காரர்கள் அதிகம். அங்கே மளிகைக் கடைகளில் சேனைக்கிழங்கு அளவு பெரிய யாம் கிழங்குக்கும் கருவாட்டுக்கும் நடுவில் நைஜீரிய கின்னஸ் பாட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். அங்கிருந்தே இறக்குமதி, 7.5 சதவீதம். ஐரிஷ் ஃபாரின் எக்ஸ்ட்ராவும் 7.5தான், சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். இரண்டையும் வாங்கி ஒரே நாளில் குடித்துப் பார்த்திருக்கிறேன். ஐரிஷ் பாட்டில் உலர்ந்த கசப்பு. நைஜீரியா இனிப்பாக, கனமாக, புளிப்போடு இருந்தது. எனக்கு ஐரிஷ்தான் பிடித்தது, அடிக்க வராதீர்கள்.

---

பதில்: பேசின்பிரிட்ஜ் பையன்

கிளிசரின் செய்து காட்டியவனிடம் பதிலைப் படித்துக் காட்டினேன். "லேப்ல இருந்தவரு கம்பெனி ஆளு, அப்படித்தான் சொல்வாரு" என்கிறான். இவனைத் திருத்த முடியாது. நான் இனி தேதி பார்த்து வாங்கப் போகிறேன். எவ்வளவு நாள் வரைக்கும் சரி?

---

பதில்: மால்ட்டும் மணமும்

தம்பி, பாட்டிலில் ஆறு மாதம் என்று போட்டிருப்பார்கள். நம் வெயிலுக்கு நான் இரண்டு மாதத்துக்கு மேல் போனதைத் தொடமாட்டேன். கடையில் தேதி பார்க்கக் கூட்டத்தில் விடமாட்டார்கள், மதியம் கடை திறந்தவுடன் போனால் பார்க்கலாம்.

ஈஸ்ட்ஹாம்காரர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2024இல் கின்னஸின் உரிமையாளரான டியாஜியோ, கின்னஸ் நைஜீரியா கம்பெனியில் இருந்த தன் பங்கை டோலாராம் குழுமத்துக்கு விற்க ஒப்புக்கொண்டது. பிராண்டு டியாஜியோ கையில்தான், ஆலை வேறு கைக்குப் போய்விட்டது. ஃபிட்டர் அண்ணன் ருசியை மறுபடி பார்க்க வேண்டுமானால் தள்ளிப்போடாமல் பார்ப்பது நல்லது.

குடிக்கும்போது ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி வெளியே வையுங்கள். ரொம்பச் சில்லென்று இருந்தால் வாசமும் இனிப்பும் தெரியாது, கசப்பு மட்டும் தெரியும். லாகோசில் கூலிங் இல்லாமல் குடித்தீர்களே, உங்கள் ஞாபகத்தில் இருக்கும் ருசியில் பாதி அந்தச் சூட்டினுடையது.

---

பதில்: ராயபுரம் ஃபிட்டர்

ஈஸ்ட்ஹாம் தம்பி, உனக்கு ஐரிஷ் பிடித்தது என்றால் உன் நாக்கு தண்டையார்பேட்டையை விட்டுப் போய் ரொம்ப நாள் ஆகிவிட்டது. இருந்தாலும் பெக்கம் கடைச் செய்திக்கு நன்றி. மாப்பிள்ளைக்கு அனுப்பிவிட்டேன். "மாமா, அது அந்தக் கோடி" என்கிறார். போகச் சொல்லியிருக்கிறேன்.

எது அசல் என்ற கேள்வியை நானே முடித்துக்கொள்கிறேன். 88க்கு முந்திய லாகோஸ். அது இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது, ஆகவே யாரும் என்னோடு வாதம் பண்ண முடியாது. சோளம் போட்டது இரண்டாவது. லயன் ஸ்டௌட்டைக் குடித்துவிட்டு மூன்றாவதா நாலாவதா என்று சொல்கிறேன், வெள்ளவத்தைத் தம்பி பொறுத்துக்கொள்ள வேண்டும். டிராஃப்ட் கேன் இன்னும் இரண்டு இருக்கிறது. அதைச் சம்பந்தி வரும்போது கொடுக்கலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

மாப்பிள்ளை வரும்போது இரண்டு ஐரிஷ், நான்கு நைஜீரியா. லேபிளைக் கிழித்துவிட்டு டம்ளரில் ஊற்றி வைக்கிறோம். திருவொற்றியூர்ச் சமையல்காரரையும் கூப்பிட்டாயிற்று. எண்ணூர்க்காரரே, நீங்களும் வந்தால் நடுவராக இருக்கலாம். சூயாவுக்கு இங்கே வழியில்லை, வறுவலுக்குக் காரப்பொடி காசிமேட்டில் நானே பார்த்து வாங்கிவிடுகிறேன்.